அக்காவின் சொந்தக் குரல்

நேமம், திருவனந்தபுரம்
7 ஜனவரி 2024

ரத்னாபாய் அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து ஒரு வாரம் தாமதமாக வருகிறது, பரவாயில்லை. பிஜியும் நானும், புருஷன் பெண்டாட்டி இருவரும், நலம். என் முதுகைப் பற்றி நீ போனில் கேட்கவில்லை, ஆகையால் அதைப் பற்றி எழுதவில்லை. கொச்சியில் உனக்கு வீட்டுத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

கிறிஸ்மஸ் அன்று நீ போன் செய்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. டிவியில் தினமும் கேட்கிறோமே என்று பிஜி சொல்கிறாள். அது உன் குரலா? பதினாறு வருஷமாக உன் வாயசைவுக்கு எவளோ ஒருத்தி பேசுகிறாள். ஏழரை மணிக்கு பிஜி நீ நடிக்கும் மலையாளத் தொடரைப் போடுவதால் அடுத்த அறையில் இருக்கும் என் காதிலும் விழுகிறது. குரலுக்குச் சரிகை வைத்துத் தைத்த மாதிரி ஒரு மினுக்கு. நம் குடும்பத்தில் யாருக்கும் அப்படிக் குரல் கிடையாது.

போனில் "எலே சற்குணம், கேக் தின்னாச்சா?" என்று கேட்டாயே, அது நீ. கேட்பதற்கு முன்னால் மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்தாயே, அதுவும் நீதான். சந்தைக் கூச்சலுக்கு நடுவிலும் அதை நான் பிரித்தெடுப்பேன். யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன்.

கல்லூரியில் எனக்கு வர வேண்டிய துறைத்தலைவர் பதவியை அந்தப் பையனுக்குக் கொடுத்ததைப் பற்றி அன்று அளவுக்கு மேல் பேசிவிட்டேன். அவனுடைய ஆய்வேட்டில் பாதி நான் திருத்தியது. அதை உன்னிடம் சொன்னதில் வருத்தமில்லை. நான் அழுததாக உனக்குத் தோன்றியிருந்தால் அது ஜலதோஷம். ஆனால் நீ "மக்கா, போட்டும் விடு" என்றாய் பார், அதற்குப் பிறகு அன்று ராத்திரி தூங்கினேன். வேறு யாரும் அதை அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டு குறைகள். ஒன்று, உன் போன் சரியில்லை. நீ ஒவ்வொரு முறை பதில் சொல்லும் முன்னும் எதையோ கீறுவது போல ஒரு சத்தம் வந்தது. மாற்று. இரண்டாவது, தொடரில் ஏன் எந்நேரமும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறாய்? மருமகளுக்குப் பாலில் விஷம் கலக்கும்போதுகூடவா குளிருகிறது? யாருடைய யோசனை இது?

அடக்கத்தின்போது "இங்கயும் யாராவது கட் சொல்லணுமா?" என்று நான் கேட்டதை நீ மனதில் வைத்திருப்பதாக பிஜி சொல்கிறாள். கேள்வி நியாயமானது. நீ அழுதாய், நாலு பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? இனிமேல் கடிதமே எழுது. எழுத்தில் யாரும் அழுது காட்ட முடியாது.

பிஜி அன்பு சொல்லச் சொன்னாள்.

தம்பி,
சற்குணம்


காக்கநாடு, கொச்சி
2 பிப்ரவரி 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

கர்த்தர் இந்த மாதமும் உன்னையும் பிஜியையும் தாங்கிக்கொள்ளட்டும். உன் முதுகு எப்படி இருக்கிறது? பார், கேட்டுவிட்டேன்.

இதை ஷூட்டிங் வீட்டின் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் புடவை கட்டி, பொட்டு வைத்து உட்காரவைத்தார்கள், இன்னும் கூப்பிடவில்லை. நடிப்பதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை, காத்திருப்பதற்குத்தான் தருகிறார்கள் என்று இங்கே சொல்லிச் சிரிப்பேன்.

உன் கடிதத்தில் குரலைப் பற்றி எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏன் என்று கேட்காதே.

ஒரு விஷயம். ஹரிஷங்கர் என்று ஒரு பையன் புதுப்படம் எடுக்கிறான். பாறசாலைப் பக்கத்திலிருந்து தேயிலை எஸ்டேட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு அம்மா, அவள் மகன், அவ்வளவுதான் கதை. அம்மா வேஷம் எனக்கு. வந்து போகிற வேஷம் இல்லை, படம் முழுக்க. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சேச்சி, உங்க சொந்தக் குரல் வேணும். அந்தத் தமிழ் கலந்த பேச்சுதான் எனக்கு வேணும்."

சற்குணம், முப்பது வருஷம். தூர்தர்ஷன் காலத்தில் நர்ஸ், பிறகு ஹீரோவின் செத்துப்போன அம்மா, பிறகு காய்கறிக்காரி. நினைவிருக்கிறதா, ஒரு படத்தில் தமிழ் வேலைக்காரியாக வந்தேனே. அதற்குக்கூட என் குரலை வைக்கவில்லை. ஒரு மலையாளப் பெண்ணைக் கூப்பிட்டு, தமிழ்க்காரி மாதிரி தப்புத்தப்பாகப் பேசவைத்தார்கள். அதற்குத் தியேட்டரில் சிரிப்பு வேறு.

இந்த வேஷம் இன்னும் முடிவாகவில்லை. நடுவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது தீர்ந்தால் சொல்கிறேன். தீராவிட்டால் இந்த மாமியார் சாகிற வரைக்கும் நான் மாமியார்தான்.

கழுத்தா? ஏசி.

கூப்பிடுகிறார்கள். பிஜியைச் சாப்பிடவை, அவள் உன்னைச் சாப்பிடவைத்தது போதும்.

அக்கா


நேமம்
18 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம். முதுகு பற்றிக் கேட்டதற்கு நன்றி, மோசம்.

படம் நல்ல செய்தி. ஆனால் இந்த வயதுப் பையன்களை நான் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். இன்று உன் குரல் வேண்டும் என்பான், நாளைக்குத் தயாரிப்பாளர் ஒரு புருவத்தை உயர்த்தினால் வேறொருத்தியைக் கூட்டி வருவான். நம்பாதே. சிக்கல் என்று எழுதியிருக்கிறாய், என்ன சிக்கல் என்று எழுதவில்லை. எப்போதும் பாதிதான் சொல்வாய்.

கல்லூரியில் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்று நீ எழுதவில்லை. ஸ்டாஃப் ரூமில் பௌதிகத்துக்காரர் "சாரிண்டே சேச்சியல்லே ஆ பாலில் விஷம் கலக்குந்ந அம்மாயியம்ம?" என்று கேட்டு, என் டீயை முகர்ந்து பார்த்துவிட்டுத் தந்தார். எல்லாரும் சிரித்தார்கள். புதுத் துறைத்தலைவரும் சிரித்தார். நான் சொன்னேன், இனி அந்த மாமியாரை நீங்கள் பார்க்க மாட்டீர்கள், என் அக்காவை அவள் சொந்தக் குரலில் தியேட்டரில் பார்ப்பீர்கள் என்று. சிரிப்பு சட்டென்று நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே இந்தப் படத்தை விடாதே. நான் சொல்லியாகிவிட்டது.

இன்னொன்று. உனக்குப் பதிலாகப் பேசுகிறவளிடம் இனி வேலையில்லை என்று சொல்லி அனுப்பிவிடு. பதினாறு வருஷம் தின்றது போதும்.

போன வாரம் உன்னைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, அறுந்தது. "ஷூட்டிங்" என்று ஒரு சொல் வாட்ஸாப்பில் வந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதே சொல். கிறிஸ்மஸுக்கு மட்டும்தான் தம்பியோடு பேசுவது என்று விதி வைத்திருந்தால் எழுதித் தெரிவி.

சற்குணம்


காக்கநாடு
4 ஏப்ரல் 2024

தம்பிக்கு,

உயிர்த்தெழுந்த நாளின் சமாதானம் உங்கள் இருவருக்கும். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபப்பட்டிருப்பாய், படு.

வேஷம் எனக்கே. சிக்கல் தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது என்பதை நேரில்தான் சொல்ல முடியும், நேரிலும் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. நீ உதவியிருக்கிறாய் என்று மட்டும் வைத்துக்கொள்.

மே மாதம் போனக்காட்டில் ஷூட்டிங். உனக்குப் பக்கம்தான். ஆனால் நீ வராதே. மழை வந்தால் அட்டை கடிக்கும், பஸ்ஸும் சரியில்லை, உன் முதுகுக்கு அந்த ரோடு ஆகாது. எனக்குப் பேசுகிறவளை அனுப்பிவிடு என்று எழுதினாயே, அவள் பெயர் ஷிபா. அவளை அப்படிச் சொல்லாதே. நல்ல பிள்ளை.

பிஜி செய்து அனுப்பிய முறுக்கு உடையாமல் வந்தது. மெதுவாகத்தான் விழுங்க முடிகிறது, ஆனாலும் விடாமல் தின்கிறேன்.

அக்கா


நேமம்
20 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல்.

வராதே என்று எழுதியிருக்கிறாய். வருவதாக நான் எப்போது சொன்னேன்? மே மாதம் எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது. பெரிய நடிகர்கள் நிற்கும் இடத்தில் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஒரு வாத்தியார் போய் நின்றால் உனக்குக் குறைச்சல், புரிகிறது.

நான் என்ன உதவினேன் என்பதும் புரியவில்லை. புரியவைக்க நீ விரும்பவும் இல்லை.

சற்குணம்


போனக்காடு எஸ்டேட்
6 ஜூன் 2024

தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். நாளையோடு இங்கே வேலை முடிகிறது. இரண்டு அட்டை கடித்தது, மற்றபடி சுகம்.

உன்னிடமிருந்து அப்புறம் ஒரு வரியும் இல்லை. திருத்தும் வேலை இன்னுமா முடியவில்லை?

ஒருநாள் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்து முற்றத்தில், மகன் வீட்டைவிட்டுப் போகிற காட்சி எடுத்தார்கள். கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் எஸ்டேட்டு ஜனங்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் ஒரு குடை. வளைந்த பிடி, கம்பி ஒடிந்த இடத்தில் வெள்ளை நூல் கட்டினது. அப்பாவின் குடைக்கு அப்படித்தான் அம்மா கட்டியிருந்தாள். ஷாட் முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது குடை இல்லை.

எனக்கு இப்போது கண்ணும் அவ்வளவு சரியில்லை. அது வேறு யாராகவும் இருக்கலாம். நீயாக இருந்தால் ஒரு வரி எழுது.

அக்கா


நேமம்
2 ஜூலை 2024

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கப் போவதில்லை. உன் நலம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன், அதுவும் வழியில் நின்ற ஒருவனிடம்.

நான்தான் வந்தேன். பிஜியிடம் திருத்தும் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விதுரை பஸ் ஏறினேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் எஸ்டேட்டுப் பெண்களோடு நின்றேன். ஒருத்தி கேட்டாள், "அந்த அம்மா ஒங்களுக்குச் சொந்தமா சார்? மூக்கு ஒண்ணு போல இருக்கு." இல்லை என்றேன்.

மகனாக நடித்தவன் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நான் போறேம்மா, இங்க என்ன இருக்கு?" என்றான். நீ பதில் சொன்னாய். வாய் அசைந்தது, கை ஆடியது, சத்தம் வரவில்லை. அவன் மறுபடி பேசினான், கேட்டது. நீ பேசினாய், கேட்கவில்லை. தூரம் என்று முதலில் நினைத்தேன். அவனும் அதே தூரத்தில்தானே நிற்கிறான்.

பக்கத்தில் தேநீர்க் கெட்டிலோடு ஒரு பையன் நின்றான். "அந்த அம்மா ஏன் மெதுவாகப் பேசுகிறார்?" என்று கேட்டேன். அவன், "சேச்சிக்கு ஒச்சையில்லல்லோ சாரே. தொண்டயில் ஓப்பரேஷன் கழிஞ்ஞதல்லே, ரெண்டு கொல்லமாயி" என்றான். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சார் டிவி காணாறில்லே?" என்று கேட்டான்.

டிவி. இரண்டு வருஷமாகக் குரல் இல்லாத ஒருத்தி தினமும் ஏழரை மணிக்கு என் வீட்டில் கத்திக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை. அந்த முந்தானை எதற்கென்று இப்போது தெரிகிறது. ஏசி என்று எழுதினாய்.

தொண்டையில் கத்தி வைத்தபோது கையெழுத்துப் போட்டது யார்? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது யார்? டீக்காரப் பையனுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. ஒரே ரத்தம் என்று சொல்லிக்கொள்ள உனக்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

அதையும் விடு. எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். கிறிஸ்மஸ் அன்று என்னோடு பேசியது யார்?

சற்குணம்


பேரூர்க்கடை, திருவனந்தபுரம்
15 ஜூலை 2024

மரியாதைக்குரிய சற்குணம் சாருக்கு,

சாருக்கும் வீட்டு அம்மாவுக்கும் வணக்கம். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. என் பெயர் ஷிபா. தமிழ் வீட்டில் பேசி வளர்ந்தேன், எழுதப் படித்தது சண்டே ஸ்கூலில், தப்பு இருந்தால் க்ஷமிக்க வேண்டும். என் அப்பா போனக்காட்டில் தேயிலைக் கொழுந்து எடை போட்ட ஆள்.

சேச்சி நாலு தடவை உங்களுக்கு எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டார். அதனால் நான் எழுதுகிறேன். கிறிஸ்மஸ் அன்று பேசியது நான்தான்.

எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடிப்பவர் செட்டில் பேசுவதை மைக்கில் பிடித்து வைப்பார்கள். அதற்குப் பைலட் டிராக் என்று பெயர். டப்பிங்கில் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அதன் மேல் நாங்கள் பேசுவோம். பிறகு அதை அழித்துவிடுவார்கள். பதினாறு வருஷம் சேச்சியின் சொந்தக் குரல் என் காதுக்குள் மட்டும்தான் வந்தது. ஜனங்கள் கேட்டது என்னை. சேச்சியைக் கேட்டது நான் ஒருத்தி. ஷாட்டுக்கு இடையில் சேச்சி ஊர்ப் பேச்சில் திட்டுவது, மூச்சிழுப்பது எல்லாம் அதில் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு ஹெட்போனில் காற்று மட்டும் வரும். பழக முடியவில்லை சார்.

சேச்சி டீச்சராக நடித்த ஒரு தொடரிலிருந்து ஒரு கல் சிலேட்டு எடுத்து வைத்திருக்கிறார். அதில் எழுதித்தான் பேசுவார். கிறிஸ்மஸ் அன்று, "தம்பி கிட்ட பேசணும். நீ பேசு" என்று எழுதினார். ஸ்பீக்கரில் போட்டோம். சேச்சி எழுத எழுத நான் சொன்னேன். விளையாட்டுக்கு இல்லை. உங்கள் சத்தத்தைக் கேட்க அவருக்கு ஆசை.

உங்கள் ஜனவரிக் கடிதத்தை ஹரிஷங்கர் சாரிடம் காட்டினது நான். சேச்சி வேண்டாம் என்றார். சொந்தக் குரல் இல்லாததால் வேஷம் போய்விடும் நிலை. கூடப் பிறந்த தம்பியே இது என் அக்கா குரல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் பாருங்கள் என்றேன். அப்படித்தான் நான் பேச அவர் ஒத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் மறைக்கக் கூடாது. நீங்கள் கலங்கினபோது சேச்சி ஒன்றும் எழுதவில்லை. குச்சி கையிலிருந்து விழுந்துவிட்டது. "மக்கா, போட்டும் விடு" என்றது சிலேட்டில் இல்லாமல் நானாகச் சொன்னது. அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், மற்றதற்கு இல்லை.

தாழ்மையுடன்,
ஷிபா


நேமம்
26 ஜூலை 2024

ரத்னாபாய்க்கு,

உன் ஆள் எழுதிய கடிதம் வந்தது.

ஆக, என் வீட்டு வருத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு ஒரு அந்நியப் பெண்ணைக் கேட்கவைத்தாய். நான் உனக்கென்று எழுதியது ஒரு சினிமாக்காரன் கையில் நற்சான்றிதழாகப் போயிருக்கிறது. கல்லூரியில் முப்பது வருஷம் என் கையெழுத்துக்கு ஒருவரும் மதிப்புக் கொடுக்கவில்லை. நான் ஏமாந்த ஒரே இடத்தில்தான் அது செல்லுபடியாகியிருக்கிறது.

என் கடிதத்தைத் திருப்பி அனுப்பு.

சற்குணம்


காக்கநாடு
30 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும், என் பெயர் அங்கே இல்லாவிட்டாலும். பிஜி எனக்கு இரண்டு முறை எழுதினாள். உனக்குத் தெரியாது என்றால் இப்போது தெரிந்துகொள், அவளைத் திட்டாதே.

கட்டி என்றார்கள், எடுத்தார்கள், அதோடு குரலும் போனது. உன்னிடம் சொல்லாததற்கு ஒரே காரணம்தான். போனில் சொல்ல என்னால் ஆகாது. எழுதினால், இதுவும் நடிப்பு என்பாயோ என்று பயந்தேன். அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நீ சொன்னதற்குப் பிறகு எதையும் உனக்குக் காட்ட எனக்குக் கூச்சமாகிவிட்டது. திட்டுவதற்காக எழுதவில்லை, நடந்தது அது.

"போட்டும் விடு" பற்றி ஒன்று. அதை எழுதத்தான் நான் குச்சியை எடுக்கக் குனிந்தேன். நிமிர்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள். இனி உன் விருப்பப்படி எடுத்துக்கொள்.

இப்போது விஷயம். செப்டம்பர் கடைசியில் டப்பிங், வழுதக்காட்டில் ஒரு ஸ்டுடியோவில். நீ கோபமாக இருப்பது ஹரிக்குத் தெரிந்துவிட்டது. "கடிதத்தை நம்பி எடுத்தேன், ஆளே வந்து கேட்டுச் சொல்லட்டும். சார் இல்லேன்னு சொன்னா எனக்கும் இல்ல" என்கிறான். அப்படியானால் என் வசனம் முழுவதையும் எடுத்துவிட்டு, அந்த அம்மாவை ஊமையாக ஆக்கிவிடுவானாம். அப்படியும் படம் நன்றாகத்தான் இருக்கும் என்கிறான். இருக்கும். எனக்கும் பாராட்டு வரும்.

எனக்கு அது வேண்டாம். முப்பது வருஷம் அடுத்தவள் குரலில் இருந்தேன். ஒரே ஒரு படத்தில் என் குரலில் இருக்க ஆசை, என் தொண்டையிலிருந்து வராவிட்டாலும்.

உன் கடிதத்தைத் தபாலில் அனுப்ப மனமில்லை. ஸ்டுடியோவில் கையில் தருகிறேன். வந்து வாங்கிக்கொள்.

அக்கா


நேமம்
12 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

இங்கே சுகம். பிஜி உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என்னோடு மெதுவாகப் பேசுகிறாள், ஆஸ்பத்திரியில் இருப்பவனோடு பேசுவது மாதிரி.

ஸ்டுடியோவில் அன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாரும் சேர்ந்து அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள்.

நான் வந்தது என் கடிதத்தை வாங்கத்தான். வாசலில் நீ எழுந்து வந்தாய், சிலேட்டில் ஏதோ எழுதித் திருப்பிக் காட்டினாய். "முதுகு எப்படி?" என்று இருந்தது. நான் செருப்பைக் கழற்றுவதாகக் குனிந்துகொண்டேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். அப்படியே நினைத்துக்கொள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை உட்காரவைத்தார்கள். உள்ளே அந்தப் பெண் மைக்கின் முன் நின்றாள். இவ்வளவு சின்ன உருவமா என்று நினைத்தேன். திரையில் நீ லயத்து முற்றத்தில் நின்று மகனைப் பார்த்தாய். அவள் பேசினாள். "போறதானா போ. சோத்தத் தின்னுட்டுப் போ."

ஹரிஷங்கர் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சரியா சார்?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு அறை முழுக்க ஆட்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது அன்றுதான். "இல்லை" என்றேன். மறுபடி பேசினாள். "இல்லை." மறுபடி. பழி வாங்குகிறேன் என்று அந்தப் பையன் முடிவுகட்டிவிட்டான், முகத்தில் தெரிந்தது. நீ மூலையில் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாய். நீயும் அப்படித்தான் நினைத்தாய்.

பழி இல்லை. நிஜமாகவே அது சரியில்லை. உன் சத்தம்தான், உன் இழுப்புதான், ஒன்றும் குறையவில்லை. ஆனால் அது நீ ஷூட்டிங் வீட்டில் அந்நியர் நடுவில் பேசுகிற குரல். அவள் கேட்டு வளர்ந்தது அதைத்தானே. போனில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று யோசித்தேன். அந்தப் பக்கம் நான் இருந்தேன்.

அதனால்தான் எழுந்து உள்ளே போனேன். அங்கே போகக் கூடாது சார் என்று ஒருவன் கையைப் பிடித்தான், உதறினேன். அவளுக்கு எதிரில் மைக்குக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னைப் பார்த்துச் சொல்லும்மா. அங்க படத்தைப் பார்க்க வேண்டாம்" என்றேன். அவள் பயந்துபோய்க் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தாள். நீ தலையாட்டினாய்.

மூச்சை உள்ளே இழுத்தாள். "போறதானா போ. சோத்தத் தின்னுட்டுப் போ."

"பசிக்கல எக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த டேக் போனது. ஹரிஷங்கர் ஸ்பீக்கரில் "கட்" என்றான், யாரோ சிரித்தார்கள். இந்த முறை கட் சொன்னது நான் இல்லை, குறித்துக்கொள். நான் எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னேன் என்று பிஜி கேட்கிறாள். உன்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்று. எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தடவை வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது சரியாக இருந்தது. சரி என்று சொன்னேன். சாயங்காலம் வரை எல்லா வசனத்துக்கும் அவள் முன்னால் நிற்கவைத்தீர்கள். ஒரு நாற்காலி போடவில்லை. டீயில் சர்க்கரை இல்லை. படத்தில் நன்றி என்று என் பெயரைப் போடுவதாக அந்தப் பையன் சொன்னான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போட்டால் துறைத்தலைவர் என்ற பதவியைச் சேர்த்துவிடப் போகிறான். இல்லாததைப் போட வேண்டாம்.

என் கடிதத்தை நீ நீட்டினாய், நான் வாங்காமல் வந்துவிட்டேன். அதை நீயே வைத்துக்கொள். அதில் எழுதியது பொய் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

உன் சிலேட்டுக் குச்சி தேய்ந்து விரலுக்குப் பிடிபடாமல் இருப்பதைப் பார்த்தேன். சாலைக் கடைத்தெரு முழுக்கக் கேட்டேன், எல்லாரும் சாக்பீஸை நீட்டுகிறார்கள். கடைசியில் ஆரியசாலையில் ஒரு பழைய கடையில் கல் குச்சி ஒரு பெட்டி கிடைத்தது. இத்துடன் பார்சலில் வருகிறது. உடைந்திருந்தால் தபால்காரனைக் கேள்.

கிறிஸ்மஸுக்குக் கூப்பிடு. ஷிபாவையே பேசச் சொல், ஆட்சேபம் இல்லை. ஆனால் சிலேட்டைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அந்தக் கீறல் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் போனை வைத்துவிடுவேன்.

முதுகு கொஞ்சம் தேவலை.

உன் தம்பி,
சற்குணம்